லேப்டாப்பில் ஓடும் வெப்சாக்கெட் சர்வரில் ஏன் அறுந்துபோகிறது?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு டோக்கன் திரை செய்து தருகிறீர்கள். கவுண்டரில் இருப்பவர் ‘அடுத்தவர்’ பொத்தானை அழுத்தினால், காத்திருப்புக் கூடத்தில் மாட்டியிருக்கும் டிவிகளில் எண் உடனே மாற வேண்டும். டிவிக்கும் சர்வருக்கும் இடையே வெப்சாக்கெட், அதாவது திறந்தே இருந்து இருபக்கமும் செய்தி போகும் இணைப்பு. ஜாவா 17, ஸ்பிரிங் பூட் 3 (ஜாவா சர்வர் நிரல் எழுதும் கட்டமைப்பு), டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரஸ், கோரிக்கைகளை முதலில் வாங்கிப் பின்னால் கடத்தும் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ். லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. சர்வரில் ஏற்றிய பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுகிறது. அவ்வப்போது ‘டெக்ஸ்ட் ஃபுல் ரைட்டிங்’ என்ற நிலையைச் சொல்லி ஒரு எக்ஸெப்ஷன் வருகிறது. இரண்டாவது சர்வரைச் சேர்த்ததிலிருந்து சில டிவிகளில் எண் மாறுவதே இல்லை. டோக்கன் அச்சடிக்கும் பெட்டியில் ஓடும் சின்ன ஜாவா நிரல் முதல் செய்தியை வாங்கியதோடு நின்றுவிடுகிறது. ‘வெப்சாக்கெட்டை முறையாக அமைப்பது எப்படி?’ என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். இணைப்பைத் திறக்க உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. மிச்சம் இருப்பது வேறொரு கேள்வி: இணைப்பு எந்த நேரமும் போகலாம் என்றால், திரையில் தெரிகிற எண் சரியான எண்தான் என்று எதை வைத்து நம்புவது? நான் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன நான்கு கோளாறுகளும் போகிற வழியிலேயே தீரும்.

பல வருடங்களாக ஜாவா சர்வர் பக்க வேலைதான் எனக்கு. கிடங்குத் திரைகள், வண்டி இருப்பிடத்தைக் காட்டும் வரைபடங்கள் என்று நேரலையாக மாறும் பக்கங்கள் அதில் கணிசம். சில ஆயிரம் இணைப்புகள் வரை நானே பராமரித்திருக்கிறேன். லட்சக்கணக்கில் நடத்தியதில்லை, அந்த அளவுக்கான யோசனையை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் லாக்கையும் என்ஜின்எக்ஸ் கோப்பையும் நான் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்கிறேன்.

உங்களுக்கு வெப்சாக்கெட் தேவையா என்பதை முதலில் பார்த்துவிடலாம். டிவி எதையும் திருப்பிப் பேசுவதில்லை, கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்கிறது. கவுண்டர் பொத்தான் சாதாரண போஸ்ட் கோரிக்கையாக இருந்தாலே போதும். இப்படி ஒருவழியாக மட்டும் செய்தி போகும் இடத்துக்கு ‘சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ்’ என்ற எளிய வழி இருக்கிறது. அது வெறும் எச்டிடிபி பதில்தான், முடியாமல் நீண்டுகொண்டே போகும். இணைப்பு போனால் பிரவுசரே மறுபடி இணைத்துக்கொள்ளும்; கடைசியாக வாங்கிய செய்தியின் அடையாள எண்ணையும் தானே சர்வருக்கு அனுப்பும். ஸ்பிரிங்கில் ‘எஸ்எஸ்இ எமிட்டர்’ என்ற வகுப்பு இதற்கென்றே இருக்கிறது. எச்டிடிபி 1.1-இல் ஒரே முகவரிக்கு ஒரு பிரவுசர் வழக்கமாக 6 இணைப்புகள்தான் திறக்கும் என்பது இதிலுள்ள தொல்லை. டிவியில் ஒரே பக்கம்தான் ஓடும் என்பதால் அது உங்களைப் பாதிக்காது. புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் டிவிக்கு இதைத்தான் சொல்லியிருப்பேன். நீங்கள் ஏற்கெனவே வெப்சாக்கெட்டில் பாதி தூரம் வந்துவிட்டீர்கள், அச்சடிக்கும் பெட்டி இருபக்கமும் பேச வேண்டும் என்கிறீர்கள். சரி, அதிலேயே தொடருங்கள். கீழே சொல்லப்போவதில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொருந்தும்.

நிமிடத்துக்கு ஒருமுறை அறுவதைப் புரிந்துகொள்ள, இணைப்பு எப்படித் தொடங்குகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பரில் வெளிவந்த வெப்சாக்கெட்டின் தர ஆவணமான ஆர்எஃப்சி 6455 சொல்வது இது: பிரவுசர் சாதாரண கெட் கோரிக்கை ஒன்றை அனுப்புகிறது. அதில் ‘அப்கிரேட்: வெப்சாக்கெட்’, ‘கனெக்ஷன்: அப்கிரேட்’ என்று இரண்டு தலைப்புகள் (ஹெடர்கள்), 13 என்ற பதிப்பு எண், அப்புறம் 16 பைட் தற்செயல் எண்ணை பேஸ்64-ஆக மாற்றிய ஒரு சாவி. சர்வர் அந்தச் சாவியோடு தரத்தில் எழுதிவைத்திருக்கும் ஒரு நிலையான சரத்தை ஒட்டி, ஷா-1 கணக்கிட்டுத் திருப்பி அனுப்புகிறது. பதிலின் நிலை எண் 101. அந்த நொடியிலிருந்து அதே டிசிபி இணைப்பில் எச்டிடிபி கிடையாது, வெப்சாக்கெட் ஃபிரேம்கள் (செய்தித் துண்டுகள்)தான். ‘அப்கிரேட்’, ‘கனெக்ஷன்’ இரண்டும் ஒரு தாவலுக்கு மட்டுமே உரிய தலைப்புகள். நடுவில் நிற்கும் ப்ராக்ஸி அவற்றை அடுத்தவருக்குத் தானாகக் கடத்தாது. அதனால்தான் என்ஜின்எக்ஸில் எச்டிடிபி பதிப்பை 1.1 என்று வைத்து, இந்த இரண்டு தலைப்புகளையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு இணைப்பு ஒரு நிமிடமாவது உயிரோடு இருக்கிறது என்பதால் இந்தப் பகுதியைச் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

அந்த ஒரு நிமிடம் எங்கிருந்து வருகிறது? என்ஜின்எக்ஸில் ‘ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்’ என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 60 வினாடி. பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து அத்தனை நேரம் ஒரு பைட்டும் வராவிட்டால் அது இணைப்பை மூடிவிடும். உங்கள் கோப்பைப் பார்க்காமல் சொல்கிறேன் என்றாலும், கிட்டத்தட்ட சரியாக 60 வினாடி அமைதிக்குப் பிறகு அறுகிறது என்றால் காரணம் இதுதான். கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடும், மேகச் சேவைகளின் லோட் பேலன்ஸர்களிலும் இதே பழக்கம் உண்டு. அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்ஸருக்கும் இயல்பு மதிப்பு அதே 60 வினாடிதான். நடுவில் யாரும் இல்லாத லேப்டாப்பில் இது தெரிய வாய்ப்பே இல்லை. பலரும் இந்த மதிப்பை ஒரு மணி நேரம், ஒரு நாள் என்று ஏற்றிவிட்டுத் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உயிரில்லாத இணைப்பை அது நீண்ட நேரம் உயிருள்ளது போலக் காட்டும், அவ்வளவுதான்.

டிவியின் பிளக்கை யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவி ‘போய்வருகிறேன்’ என்று சொல்லாமல் போய்விட்டது. சர்வரில் அந்த செஷன், அதாவது அந்த ஓர் இணைப்புக்கான பதிவு, திறந்தே இருக்கும். எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் டிசிபி கீப்அலைவை லினக்ஸில் போட்டிருந்தால்கூட, அது முதல் சோதனையை இயல்பாக 7,200 வினாடி கழித்துத்தான் செய்யும். அதற்கிடையில் நீங்கள் எண் அனுப்பினாலும் கெர்னல் அதைப் பெற்றுக்கொண்டு, மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்து, இயல்பு அமைப்பில் கால் மணி நேரம் போலக் கழித்துத்தான் கைவிடும். உங்கள் ஜாவா கோடுக்கு அதுவரை எந்தப் பிழையும் தெரியாது. இதற்கு மருந்து, தரத்திலேயே இருக்கும் பிங் (‘இருக்கிறாயா?’), பாங் (‘இருக்கிறேன்’). பிரவுசர் பக்கத்து ஜாவாஸ்கிரிப்டால் பிங் அனுப்ப முடியாது, அப்படியொரு வசதியே அதற்குக் கொடுக்கப்படவில்லை. சர்வர் பிங் அனுப்பினால் பிரவுசர் தானே பாங் சொல்லும். ஆகவே சர்வர்தான் கேட்க வேண்டும். ஷெட்யூல் செய்த ஒரு மெத்தடிலிருந்து 25 வினாடிக்கு ஒருமுறை எல்லா செஷன்களுக்கும் ‘பிங் மெசேஜ்’ அனுப்புங்கள். வரும் செய்திகளைக் கையாளும் வகுப்பான ஹேண்ட்லரில் பாங் வந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். அடுத்தடுத்து இரண்டு பாங் வரவில்லை என்றால் செஷனை மூடிவிடுங்கள். இந்தப் பிங்கே என்ஜின்எக்ஸின் கடிகாரத்தையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கிவைக்கும்.

இது சர்வருக்கு மட்டும்தான் போதும். டிவியில் ஓடும் ஸ்கிரிப்டின் கண்ணுக்குப் பிங் தெரியவே தெரியாது. வைஃபை ரவுட்டர் செத்துப்போனால் டிவியும் இணைப்பு இருப்பதாகவே நம்பிக்கொண்டு பழைய எண்ணைக் காட்டியபடி இருக்கும். அதனால் அதே 25 வினாடிக்கு ஒருமுறை சாதாரண டெக்ஸ்ட் செய்தியாக ஒரு ‘உயிர்த்துடிப்பு’ அனுப்புங்கள். 60 வினாடி எதுவும் வராவிட்டால் டிவி ஸ்கிரிப்ட் தானே இணைப்பை மூடி மறுபடி இணைக்கட்டும். அதுவரை எண்ணை மங்கலாக்கி ‘தொடர்பு இல்லை, கவுண்டரில் கேட்கவும்’ என்று காட்டட்டும். இதை அலங்காரமாக நினைத்து விட்டுவிட வேண்டாம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு வயதானவர் திரையை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார். பழைய எண்ணைப் புதியது போலக் காட்டுவது அவருக்குச் செய்யும் தீங்கு.

அடுத்து ஜாவா பக்கம். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் இரண்டு காலங்கள் கலந்து கிடக்கின்றன. 2013-இல் ஜாவா ஈஈ 7 வந்தபோது ஜேஎஸ்ஆர் 356 என்ற பெயரில் வெப்சாக்கெட்டுக்கான பொது ஏபிஐ வந்தது. அதன் பேக்கேஜ் ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கும். பிறகு ஜாவா ஈஈ ‘ஜகார்த்தா’ என்ற புதிய பெயருக்குக் கைமாறியபோது பேக்கேஜின் பெயரும் மாறியது. ஜாவா நிரலை ஓட்டும் சர்வரான டாம்கேட்டில் 9 வரை பழைய பெயர், 10-இலிருந்து புதியது. ஸ்பிரிங் பூட் 3-உம் புதியதுதான். பழைய பாடத்திலிருந்து எடுத்த கோடும், அதற்காக இழுத்துப்போட்ட பழைய ஜார் கோப்பும் சேர்ந்துகொண்டால், கம்பைல் ஆகும், எண்ட்பாயிண்ட் மட்டும் பதிவாகாது. ‘சர்வர் எண்ட்பாயிண்ட்’ அனோடேஷன் போட்டு எழுதும் வழியில் இன்னொரு விஷயம்: ஒவ்வொரு இணைப்புக்கும் அந்த வகுப்பின் புதிய ஆப்ஜெக்டைக் கண்டெய்னரே (டாம்கேட்) உருவாக்கும், ஸ்பிரிங் உருவாக்காது. ஸ்பிரிங் தானே நிரப்ப வேண்டிய ‘ஆட்டோவயர்ட்’ போட்ட ஃபீல்ட் நல் (காலி) ஆக இருக்கிறது என்று புலம்பும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். ஸ்பிரிங்கின் ‘டெக்ஸ்ட் வெப்சாக்கெட் ஹேண்ட்லர்’ இதற்கு நேர்மாறு. ஒரே ஆப்ஜெக்ட்தான் எல்லா இணைப்புக்கும் வேலை செய்யும். ஆகவே இணைப்புக்குரிய எதையும் அதன் ஃபீல்டில் வைக்கக் கூடாது. உங்கள் தேவைக்கு இந்த ஹேண்ட்லரே போதும் என்பது என் கருத்து. வெப்சாக்கெட்டின் மேல் ஓடும் ஸ்டாம்ப் என்ற செய்தி நெறிமுறையைப் போட்டுக்கொள்வது, நிறைய செய்திப் பிரிவுகளும் (டாபிக்) தனிப்பட்ட பயனருக்கான செய்திகளும் இருக்கும் இடத்தில் நல்ல பலன் தரும். ஒரு கூடத்துக்கு ஒரு திரை என்ற அளவில் அது கற்றுக்கொள்ள வேண்டிய பாரத்தைத்தான் கூட்டும். இதில் வேறு கருத்து உள்ளவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

‘டெக்ஸ்ட் ஃபுல் ரைட்டிங்’ எக்ஸெப்ஷன் பற்றி ஊகிக்கவே தேவையில்லை. ஒரு செஷனில் ஒரு செய்தி எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) அதே செஷனில் எழுத வந்தால் டாம்கேட் இப்படித்தான் மறுக்கும். இரண்டு கவுண்டர்களில் ஒரே நேரத்தில் பொத்தான் அழுத்துகிறார்கள், இரண்டு த்ரெட்கள் ஒரே டிவிக்கு எழுதப் போகின்றன. லேப்டாப்பில் நீங்கள் ஒருவராகவே அழுத்தியதால் இது நடக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையும்படி ‘சின்க்ரனைஸ்ட்’ போட்டு அடக்கிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் வைஃபை மோசமாக உள்ள ஒரு டிவிக்காக எழுதும் த்ரெட் காத்து நிற்க, அதன் பின்னால் மற்ற கவுண்டர்களின் கோரிக்கைகளும் வரிசையில் நிற்கும். ஸ்பிரிங்கிலேயே இதற்கு ஒரு உறை இருக்கிறது, ‘கன்கரண்ட் வெப்சாக்கெட் செஷன் டெக்கரேட்டர்’. இணைப்பு திறந்ததும் வரும் மெத்தடில், கைக்கு வந்த செஷனை இதற்குள் போட்டு, அனுப்புவதற்கான நேர வரம்பும் பஃபர் அளவு வரம்பும் கொடுத்து, உறையிட்டதை மட்டும் ஒரு ‘கன்கரண்ட் ஹேஷ்மேப்’பில் செஷன் ஐடியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு த்ரெட் எழுதும்போது மற்றவை தங்கள் செய்தியைப் பஃபரில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். வரம்பு தாண்டினால் அது எக்ஸெப்ஷன் எறியும்; அதைப் பிடித்து அந்த செஷனை மூடிவிடுங்கள்.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. செய்தி வரும்போது ஸ்பிரிங் உங்கள் மெத்தடுக்குக் கொடுக்கும் செஷன் உறை போடாத பழைய செஷன்தான். அதிலேயே பதில் அனுப்பினால் உறை போட்டதெல்லாம் வீண், எக்ஸெப்ஷன் திரும்ப வரும். ஐடியை மட்டும் எடுத்துக்கொண்டு மேப்பில் உள்ள உறையிட்ட செஷனைத் தேடி அதன் வழியாகவே அனுப்ப வேண்டும்; பிங் உட்பட. வரம்புக்கு நான் 5 வினாடி, 64 கிலோபைட் என்று தொடங்குவேன். பஃபர் நிறைந்தால் பழைய செய்திகளை உதிர்த்துவிட்டு இணைப்பை வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் ஸ்பிரிங் 5.1-இலிருந்து உண்டு. நான் மூடிவிடுவதையே விரும்புகிறேன். மூடினால் டிவி மறுபடி வரும், வரும்போது முழு நிலையையும் புதிதாக வாங்கிக்கொள்ளும்.

அச்சடிக்கும் பெட்டியின் நிரல் பற்றி. அது ஜாவா 11-இல் வந்த எச்டிடிபி கிளையண்ட்டின் வெப்சாக்கெட்டைப் பயன்படுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஏபிஐயில் செய்திகள் தாமாகக் கொட்டாது, கேட்டால்தான் வரும். லிஸனரின் ‘ஆன் ஓபன்’ இயல்பாக ஒரு செய்தியைக் கேட்டுவைக்கிறது. நீங்கள் ‘ஆன் டெக்ஸ்ட்’ மெத்தடை மட்டும் மாற்றி எழுதி, அதற்குள் ‘ரிக்வெஸ்ட்’ மெத்தடை 1 என்ற மதிப்போடு அழைக்க விட்டிருப்பீர்கள். அதனால்தான் முதல் செய்தி வருகிறது, அடுத்தது வரவில்லை. சொன்ன அறிகுறி அப்படியே பொருந்துகிறது. கூடவே இரண்டைக் கவனியுங்கள். ‘ஆன் டெக்ஸ்ட்’டுக்கு ஒரு பூலியன் வரும், அது உண்மை என்றால்தான் செய்தி முடிந்தது. இல்லாவிட்டால் வந்த துண்டைச் சேர்த்துவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அனுப்பும்போது, முந்தைய ‘சென்ட் டெக்ஸ்ட்’ முடியும் முன் அடுத்ததை அழைத்தால் அது பிழையாக முடியும். ஆகவே ‘சென்ட் டெக்ஸ்ட்’ திருப்பித் தரும் ஃப்யூச்சர் (வேலை முடிந்ததைச் சொல்லும் ஆப்ஜெக்ட்) முடிந்த பிறகே அடுத்தது என்று ஒவ்வொன்றாக அனுப்புங்கள். தானாக மறுபடி இணைப்பது இதில் கிடையாது, நீங்கள்தான் எழுத வேண்டும்.

இனி இரண்டு சர்வர். உங்கள் செஷன் மேப் ஒரு ஜேவிஎம்முக்குள், அதாவது ஒரு சர்வரில் ஓடும் ஜாவா நிரலின் நினைவகத்துக்குள், இருக்கிறது. கவுண்டரின் போஸ்ட் கோரிக்கை முதல் சர்வருக்குப் போனால், இரண்டாவது சர்வரில் இணைந்திருக்கும் டிவிக்கு அந்தச் செய்தி எப்படித் தெரியும்? தெரியாது. ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும் ஸ்டிக்கி செஷன் போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். இதற்கு அது உதவாது. வெப்சாக்கெட் இணைப்பு எப்படியும் ஒரே சர்வரில்தான் கடைசி வரை இருக்கும். ஸ்டாம்ப்புக்கு மாறினாலும் செய்திகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிரிங்கின் எளிய ப்ரோக்கர் அதே ஜேவிஎம் நினைவகத்தில்தான் ஓடுகிறது, எனவே அதே கதைதான். ராபிட்எம்க்யூ போன்ற வெளி ப்ரோக்கர் வேண்டியிருக்கும். ரெடிஸ் என்ற நினைவகச் சேமிப்பு சர்வரின் பப்சப் (ஒருவர் அறிவிக்க, கேட்பவர்கள் எல்லோருக்கும் போகும் வசதி) பலர் எடுக்கும் வழி. உங்களிடம் போஸ்ட்கிரஸ் ஏற்கெனவே இருப்பதால் அதன் ‘லிசன்’ (அறிவிப்புக்குக் காத்திரு), ‘நோட்டிஃபை’ (அறிவி) இரண்டு கட்டளைகளையும் பயன்படுத்தச் சொல்வேன். பராமரிக்க வேண்டிய மென்பொருள் ஒன்று குறையும். அதைவிட முக்கியமாக, டிரான்சாக்ஷனுக்குள் (ஒரே தொகுப்பாக நடக்கும் டேட்டாபேஸ் மாற்றங்களுக்குள்) சொன்ன நோட்டிஃபை, கமிட் ஆன (மாற்றம் உறுதியான) பிறகுதான் வெளியே போகும். கமிட் ஆகும் முன்பே ‘மாறிவிட்டது’ என்று டிவிக்குச் சொல்லி, டிவி போய்ப் படித்தால் பழைய எண்ணே கிடைப்பது என்ற கோளாறு இங்கே எழவே எழாது. நோட்டிஃபையில் அனுப்பும் சரம் இயல்பு அமைப்பில் 8,000 பைட்டுக்குள் இருக்க வேண்டும். கூடத்தின் ஐடி மட்டும் போதும் என்பதால் அது கவலையில்லை. கேட்கும் இணைப்பை, டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் ஹிகாரி பூலிலிருந்து எடுக்காமல் தனியாகத் திறந்து, தனி த்ரெட்டில் வைத்திருங்கள். நடுவில், போஸ்ட்கிரஸ் இணைப்புகளைப் பகிரும் பிஜிபவுன்ஸர் டிரான்சாக்ஷன் முறையில் ஓடினால் லிசன் அதன் வழியே வேலை செய்யாது, நேராக டேட்டாபேஸுக்குப் போக வேண்டும்.

நோட்டிஃபை ஆகட்டும், ரெடிஸ் பப்சப் ஆகட்டும், கேட்பவர் அந்த நேரத்தில் இல்லையென்றால் செய்தி போனதுதான். யாரும் எடுத்துவைத்துக் கொடுக்க மாட்டார்கள். வெப்சாக்கெட்டும் அப்படியே: தரத்தில் எங்கும் ‘கிடைத்தது’ என்ற ஒப்புதல் கிடையாது, அறுந்த பின் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் கிடையாது. எனவே முதல் கேள்விக்கு வருகிறேன். உண்மை டேட்டாபேஸில் இருக்க வேண்டும். வெப்சாக்கெட் அந்த உண்மை மாறியதைச் சீக்கிரம் தெரிவிக்கும் குழாய். குழாயில் ஒன்று தவறினாலும் திரை தானாகத் தேறிக்கொள்ளும்படி செய்திகளை வடிவமைக்க வேண்டும்.

அதை இப்படிச் செய்யலாம். ஒவ்வொரு கூடத்துக்கும் டேபிளில் ஒரு வரிசை, அதில் பதிப்பு எண் என்று ஒரு நெடுவரிசை. பொத்தான் அழுத்தும்போது டோக்கனை மாற்றும் அதே டிரான்சாக்ஷனில் இந்த எண்ணை ஒன்று கூட்டுங்கள். ஒரே வரிசையைத் தொடுவதால் இரண்டு கவுண்டர்கள் சேர்ந்து அழுத்தினாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். இங்கே நேரமுத்திரையை வைக்காதீர்கள், இரண்டு சர்வரின் கடிகாரமும் ஒன்றாக இருக்காது. போஸ்ட்கிரஸின் சீக்வென்ஸும் (தொடர் எண் தரும் வசதி) வேண்டாம். முதலில் எண் வாங்கிய டிரான்சாக்ஷன் முதலில் கமிட் ஆகும் என்று அதில் உத்தரவாதம் இல்லை. டிவிக்கு அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் மாறியதை மட்டும் சொல்லாமல், அந்தக் கூடத்தின் எல்லாக் கவுண்டர்களின் எண்களையும் பதிப்பு எண்ணோடு சேர்த்து அனுப்புங்கள். சில நூறு பைட்தான். நடுவில் ஒன்று தவறினால் அடுத்தது எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்.

புதிதாக இணையும் டிவியிடம்தான் நுட்பமான ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. இயல்பாக எழுத வருகிற வரிசை இது: டேபிளைப் படி, டிவிக்கு அனுப்பு, பிறகு மேப்பில் சேர். டேபிளைப் படித்தபோது டோக்கன் 57, பதிப்பு 41. டிவியை மேப்பில் சேர்ப்பதற்குள் கவுண்டரில் அழுத்திவிட்டார்கள்; டோக்கன் 58, பதிப்பு 42. அந்த அறிவிப்பு மேப்பில் இருப்பவர்களுக்கெல்லாம் போனது, இந்த டிவி இன்னும் அதில் இல்லை. இனி அடுத்தமுறை யாராவது அழுத்தும் வரை இந்த டிவியில் 57தான். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் மேப்பில் சேர், அதன் பிறகு டேபிளைப் படித்து அனுப்பு. இப்போது அதிகபட்சம் என்ன நடக்கும்? அறிவிப்பு வழியாக 42 முதலில் வந்து, கொஞ்சம் முன்பே படித்த 41 பின்னால் வந்து சேரலாம். டிவி ஸ்கிரிப்ட் தன்னிடம் இருப்பதைவிடச் சிறிய பதிப்பு வந்தால் அதைத் தள்ளிவிடட்டும். முடிந்தது. இந்த ஓட்டையை நீங்கள் சோதனையில் பிடிக்கவே மாட்டீர்கள், எப்போதாவது ஒருமுறைதான் நடக்கும். நடக்கும் நாளில் லாக்கில் ஒரு பிழைகூட இருக்காது.

மேலே சொன்ன உயிர்த்துடிப்புச் செய்தியிலும் டேபிளில் இருந்து படித்த பதிப்பு எண்ணைப் போட்டுவிடுங்கள். துடிப்பில் 42 என்று வருகிறது, டிவியிடம் 41தான் இருக்கிறது என்றால், எங்கோ ஒரு செய்தி தவறியிருக்கிறது. டிவி முழு நிலையையும் கேட்டு வாங்கட்டும். இதனால் நடுவில் எந்தக் கண்ணி அறுந்தாலும், இணைப்பு இருக்கும் வரை, திரை தவறாக இருக்கக்கூடிய நேரம் ஒரு துடிப்பு இடைவெளிக்குள் அடங்கிவிடும். சர்வரின் லிசன் இணைப்பு போய் வந்தாலும் இதே கொள்கைதான்: மறுபடி லிசன் சொல்லி, பிறகு எல்லாக் கூடங்களின் நிலையையும் படித்து எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும்.

மறுபடி இணைப்பதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வினாடி, இரண்டு, நான்கு என்று ஏற்றி 30 வினாடியில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தற்செயலான தாமதம் கலந்துவிடுங்கள். சர்வரை மறுதொடக்கம் செய்யும்போது எல்லா டிவியும் ஒரே நொடியில் வந்து மோதாமல் இருக்கும். செய்தி அளவிலும் ஒரு வரம்பு உண்டு. டாம்கேட் ஒரு உள்வரும் டெக்ஸ்ட் செய்திக்கு இயல்பாக 8,192 எழுத்துவரைதான் இடம் வைத்திருக்கும்; தாண்டினால் 1009 என்ற எண்ணோடு மூடும். அச்சடிக்கும் பெட்டி பெரிதாக ஏதாவது அனுப்பும் திட்டம் இருந்தால் அதை முன்கூட்டியே ஏற்றிவையுங்கள்.

பாதுகாப்பை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மருத்துவ விஷயம் என்பதால் விட்டுவிட முடியவில்லை. பிரவுசர் எந்தத் தளத்திலிருந்தும் எந்தச் சர்வருக்கும் வெப்சாக்கெட் திறக்க விடும். ஒரே மூலத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இங்கே செல்லாது, குக்கி அமைப்பு அனுமதித்தால் குக்கியும் கூடவே போகும். தடுக்க வேண்டியது சர்வர்தான், ‘ஆரிஜின்’ தலைப்பைப் பார்த்து. ஸ்பிரிங் இயல்பாகவே தன் மூலத்தை மட்டும் அனுமதிக்கிறது. பாடங்களில் பார்த்து ‘அலவுட் ஆரிஜின்ஸ்’ இடத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ஆனால் ஆரிஜினைப் பிரவுசர்தான் ஒழுங்காக அனுப்பும், வேறு நிரல்கள் எதையும் எழுதலாம். எனவே ஆளை அடையாளம் காண அது போதாது. பிரவுசரின் வெப்சாக்கெட்டில் ‘ஆதரைசேஷன்’ தலைப்பைச் சேர்க்க வழியில்லை. நீண்டநாள் செல்லும் உள்நுழைவு டோக்கனை முகவரியில் ஒட்டினால் அது என்ஜின்எக்ஸ் லாக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்நுழைந்த பிறகு போஸ்ட் வழியாக 30 வினாடி மட்டும் செல்லும், ஒருமுறை மட்டும் பயன்படும் சீட்டு ஒன்றை வாங்கி, அதை முகவரியில் கொடுத்து, இணைப்பு தொடங்கும்போது குறுக்கே நின்று பார்க்கும் ஸ்பிரிங்கின் ‘ஹேண்ட்ஷேக் இன்டர்செப்டர்’ அதைச் சரிபார்க்கட்டும். இரண்டு சர்வர் என்பதால் சீட்டும் டேபிளில்தான் இருக்க வேண்டும். டிவிக்குப் போகும் செய்தியில் டோக்கன் எண்ணும் கவுண்டர் எண்ணும் தவிர வேறெதுவும் வேண்டாம். பெயர், வயது, எந்தப் பரிசோதனை என்பதெல்லாம் திரையில் காட்டாவிட்டாலும் செய்திக்குள் போனால் போனதுதான்.

மாற்றங்களைச் செய்த பிறகு சோதிக்கும்போது இணைப்பை நாகரிகமாக மூடிப் பார்ப்பதில் பயனில்லை. டிவியின் பிளக்கைப் பிடுங்குங்கள், ரவுட்டரை அணையுங்கள், ஒரு சர்வரின் நிரலை கில் -9 (உடனே நிறுத்தும் லினக்ஸ் கட்டளை) கொடுத்து வீழ்த்துங்கள், லிசன் இணைப்பைப் போஸ்ட்கிரஸ் பக்கத்திலிருந்து துண்டியுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை வினாடியில் திரை தேறுகிறது என்று பாருங்கள். பிரவுசரின் நெட்வொர்க் பக்கத்தில் 101-உம் செய்திகளும் தெரியும். குரோமில் பிங், பாங் அங்கே தெரியாது, அதைப் பார்த்துப் பிங் போகவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். இணைப்பு மூடும் மெத்தடில் செஷன் ஐடி, மூடிய எண், இணைப்பு எத்தனை வினாடி உயிரோடு இருந்தது, மூன்றையும் லாக் செய்யுங்கள். 1000, 1001 என்றால் யாரோ முறையாக மூடியது. 1006 என்றால் எதிர்ப்பக்கம் மூடுகிறேன் என்று சொல்லாமலே போனது. அந்த எண் கம்பியில் வருவதில்லை, நம் பக்கத்து நூலகமே இட்டுக்கொள்வது. பிங் போட்ட பிறகும் 60 வினாடியில் அறுந்தால், அந்த லாக் வரிகள் பத்தும், என்ஜின்எக்ஸ் கோப்பில் அந்த லொகேஷன் பகுதியும் இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.